விழவைத்துவிட்டு வயதைக் குறை சொல்லாதீர்கள்

எழுபதைக் கடந்த ஒருவர் இடுப்பெலும்பு முறிந்து அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரப்படுகிறார். சீட்டில் ஒரே ஒரு வரி எழுதப்படுகிறது: வீட்டில் வழுக்கி விழுந்தார். எக்ஸ்ரே எடுக்கிறார்கள், எலும்பு மருத்துவர் வருகிறார், அறுவைக்கு நாள் குறிக்கிறார்கள். ஏன் விழுந்தார் என்று கேட்க வேண்டிய பொறுப்பு அந்தக் கட்டடத்தில் யாரிடமும் ஒப்படைக்கப்படவில்லை. என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார், எழுந்து நின்றதும் கண் இருட்டியதா, கண்புரை முற்றியிருக்கிறதா, இதற்கு முன் எத்தனை தடவை விழுந்தார் என்பதை எழுதிவைக்க அந்தச் சீட்டில் இடமும் இல்லை. பொருத்திவைத்த எலும்போடு அவர் அதே வீட்டுக்கு, அதே குளியலறைக்கு, அதே மாத்திரைகளுக்குத் திருப்பி அனுப்பப்படுகிறார். தனியார் மருத்துவமனைகளிலும் பெரும்பாலும் இதே கதைதான். கட்டணம் மட்டும் வேறு. பாதி வேலையைச் செய்துவிட்டு நோயாளியை அனுப்பும் இந்த நடைமுறையைச் சிகிச்சை என்று ஏற்க முடியாது.

வயதானால் விழத்தான் செய்வார்கள் என்கிறது வீடு. மருத்துவரும் அதையே சொல்கிறார். அதிகாரியின் மௌனத்துக்கும் பொருள் அதுவே. இது பொய். எண்பது வயதில் வயலுக்கு நடந்துபோய் வரும் பெண்கள் தமிழ்நாட்டின் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். மனிதர் விழுவதற்குக் காரணங்கள் உண்டு. ஒவ்வொரு காரணத்துக்கும் பெயர் உண்டு, பரிசோதனை உண்டு, பெரும்பாலானவற்றுக்குத் தீர்வும் உண்டு. திருத்தக்கூடியதைத் திருத்தாமல் விட்டுவிட்டு வயதின் மீது பழிபோடும் வழக்கத்தை இத்தலையங்கம் கண்டிக்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி உலகில் ஆண்டுதோறும் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். தற்செயல் காயங்களால் நேரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இறப்பவர்களில் 80 சதவீதத்துக்கும் அதிகமானோர் நம்முடையதைப் போன்ற குறைந்த, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள்; வயதுவாரியாகப் பார்த்தால் அறுபதைத் தாண்டியவர்களே அதிகம். 65 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் விழுகிறார் என்பதும் அந்த நிறுவனத்தின் கணக்கு. சாலை விபத்துக்கு நம்மிடம் வாரியம் இருக்கிறது, வாரவிழா இருக்கிறது, விபத்து நடந்த இடத்துக்கு வரைபடம் இருக்கிறது, காயமடைந்தவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சைத் திட்டம் இருக்கிறது. அதற்கு அடுத்தபடியாக உயிர்களைக் கொண்டுபோகும் ஒன்றுக்குத் தமிழ்நாட்டு மக்கள் அறிந்த ஒரு திட்டமும் இல்லை.

வேறு எந்த மாநிலம் இப்படி இருந்தாலும் அறியாமை என்று விட்டுவிடலாம். தமிழ்நாட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. இந்தியாவிலேயே முதன்முதலில் முதியோருக்கென்று தனி மருத்துவப் பிரிவு 1978-இல் தொடங்கியது சென்னை அரசு பொது மருத்துவமனையில்தான். டாக்டர் வ.செ. நடராசன் போன்றவர்கள் முதியோர் மருத்துவம் என்ற துறையையே நாட்டுக்கு அறிமுகப்படுத்தியது இங்கிருந்துதான். 2024-இல் கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் 10.4 சதவீதம் பேர் அறுபதைக் கடந்தவர்கள். 2021-இல் இது 13.6 ஆகவும் 2031-இல் 18.2 ஆகவும் உயரும் என்று மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்புக் குழு சொல்லிவிட்டது. பெரிய மாநிலங்களில், இந்த விகிதத்தில் கேரளத்துக்கு அடுத்து நிற்பது நாம்தான். தெரிந்தே கைகட்டி நின்றதாகத்தான் இதைக் கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் மருத்துவர்களிடம் வருவோம், ஏனென்றால் பிழையின் பெரும்பகுதி மருந்துச்சீட்டில் தொடங்குகிறது.

படுத்திருப்பவர் எழுந்து நிற்கும்போது ரத்தம் கால்பக்கம் இறங்குகிறது. இளம் உடலில் நரம்புகள் உடனே ரத்தக்குழாய்களைச் சுருக்கி, இதயத்துடிப்பைக் கூட்டி, மூளைக்குப் போக வேண்டிய ரத்தத்தைக் காப்பாற்றிவிடுகின்றன. முதுமையிலும், நீண்டகால நீரிழிவிலும் இந்த எதிர்வினை மந்தப்படுகிறது. எழுந்த மூன்று நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20 புள்ளியோ கீழ் அழுத்தம் 10 புள்ளியோ சரிந்தால், அது கவனிக்க வேண்டிய குறை என்கிறது மருத்துவம். இரவில் சிறுநீர் கழிக்க எழுபவர் கட்டிலுக்கும் குளியலறைக்கும் நடுவில் சரிந்து விழுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். கண்டுபிடிக்கத் தனிக் கருவி எதுவும் வேண்டாம். படுக்கவைத்து ஒருமுறை, நிற்கவைத்து ஒருமுறை, மூன்று நிமிடம் பொறுத்து இன்னொரு முறை ரத்த அழுத்தம் பார்த்தால் போதும். நம் புறநோயாளிப் பிரிவுகளில் எத்தனை முதியவர்களுக்கு நிற்கவைத்து அழுத்தம் பார்க்கிறார்கள்? நாற்காலியில் உட்காரவைத்துப் பட்டையைக் கட்டி, எண்ணைக் குறித்து, இன்னொரு மாத்திரை சேர்த்து அனுப்பிவிடுகிறார்கள். உட்கார்ந்திருக்கும்போது 150 காட்டிய அம்மாவுக்கு நின்றால் 110 என்பது யாருக்கும் தெரியாமலே அவருடைய மாத்திரையின் அளவு கூட்டப்படுகிறது.

இத்தோடு புராஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசின், கால்வீக்கத்துக்கு நீர் பிரியும் மாத்திரை, அரிப்புக்கும் சளிக்கும் தூக்கம் வரவழைக்கும் பழைய ரக ஒவ்வாமை மாத்திரை, தூக்கம் வரவில்லை என்றால் அல்பிரசோலம். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு மருத்துவர் எழுதியிருப்பார். எல்லாச் சீட்டுகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தவர் ஒருவரும் இருக்க மாட்டார். சர்க்கரைக்குக் கிளிபென்கிளமைடு சாப்பிட்டுவிட்டு, பசிக்கவில்லை என்று இரவு அரை இட்லியோடு படுத்துவிடும் பாட்டிக்கு விடியற்காலையில் சர்க்கரை தாழ்ந்து, கோலம் போட வாசலில் குனிந்து நிமிரும்போது கிறுகிறுக்கிறது. குடும்பம் அதற்கும் வயதையே காரணம் சொல்கிறது.

தூக்க மாத்திரை விஷயத்தில் எங்கள் கண்டனம் இன்னும் கடுமையானது. அல்பிரசோலம், டயஸிபாம், நைட்ரஸிபாம், சோல்பிடெம் ஆகியவை 2014 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த எச்1 அட்டவணையில் இருக்கின்றன. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்றால் நோயாளியின் பெயர், மருத்துவர் பெயர், அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். சட்டம் தெளிவாக இருக்கிறது. தெருமுனைக் கடையில் பழைய அட்டையைக் காட்டி ஒரு பட்டை கொடுங்கள் என்று கேட்டால் கிடைக்கிறது என்பதும் ஊரறிந்தது. நியூசிலாந்தில் 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், தூக்கத்துக்கும் மனநிலைக்குமான இத்தகைய மாத்திரைகளை முதியோருக்குப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தியபோது விழுதல் 66 சதவீதம் குறைந்தது. சிறிய ஆய்வுதான், 93 பேர் மட்டும். ஆனாலும் அந்தத் திசையை மறுக்கும் மருத்துவர் இன்று இல்லை. இந்த மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவர்தான் மெல்லக் குறைக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் முதியவருக்கு அதை முதலில் எழுதிக்கொடுத்தவர், மூன்றாவது மாதத்திலேயே செய்திருக்க வேண்டிய வேலை அது.

கண்ணுக்கும் இதில் பங்கு உண்டு. இங்கிலாந்தின் நாட்டிங்காமில் நடந்து 2005-இல் வெளிவந்த ஆய்வில், எழுபதைக் கடந்த பெண்களுக்கு முதல் கண்ணின் புரை அறுவையைத் தாமதமின்றிச் செய்தபோது அவர்கள் விழுவது 34 சதவீதம் குறைந்தது. மதுரை அரவிந்த் போன்ற நிறுவனங்களால் கண்புரை அறுவையில் உலகுக்கே பாடம் சொன்ன மாநிலத்தில், இன்னொரு கண் தெரிகிறதே என்று அறுவையை ஒத்திப்போடும் முதியவரிடம், தாமதித்தால் விழும் ஆபத்து கூடும் என்று எடுத்துச்சொல்ல ஆளில்லை.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைப் பற்றி இங்கே நேராகச் சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய அத்திட்டம் பெருமைக்குரியது. 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் பெற்றது. ரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரைகள் வீட்டு வாசலுக்கு வருகின்றன. சுகாதாரத் தன்னார்வலர், இயன்முறை மருத்துவர், வலிநிவாரணச் செவிலியர் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். முதியவரின் வீட்டுக்குள் காலடி வைக்கும் உரிமையும் பழக்கமும் உள்ளவர் இந்தத் தன்னார்வலர். குளியலறை எங்கே இருக்கிறது, இரவு விளக்கு எரிகிறதா, நடக்கும்போது சுவரைப் பிடிக்கிறாரா என்பதெல்லாம் அவர் கண்ணுக்குத் தெரியும். அப்படி இருந்தும் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, அந்த மாத்திரை அவரை விழவைக்கிறதா என்று கேட்காமல் அனுப்பிவைப்பது சுகாதாரத் துறையின் மன்னிக்க முடியாத அலட்சியம். கடந்த ஓராண்டில் விழுந்தீர்களா, நிற்கவோ நடக்கவோ தடுமாறுகிறதா, விழுந்துவிடுவோமோ என்ற பயம் இருக்கிறதா: மூன்றே கேள்விகள். ஆம் என்பவரை நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பிவந்து உட்காரச் சொல்ல வேண்டும். 12 விநாடிக்கு மேல் ஆனால் அவர் ஆபத்தில் இருக்கிறார். இதற்கு ஒரு கைக்கடிகாரமும் நிற்கவைத்துப் பார்க்க ஒரு ரத்த அழுத்தக் கருவியும் போதும். இரண்டும் அந்தத் தன்னார்வலரிடம் ஏற்கெனவே இருக்கின்றன.

அடுத்து வீடு. கடந்த இருபது, முப்பது ஆண்டுகளில் தமிழ்நாட்டு வீடுகளின் தரை மாறிவிட்டது. சிமென்ட் தரையும், கல் பாவிய முற்றமும், ஆத்தங்குடிக் கற்களும் போய், முகம் பார்க்கும் அளவு பளபளக்கும் விட்ரிஃபைட் டைல்ஸ் வந்தது. கூடத்துக்குப் போட்ட அதே ரகத்தை மிச்சம் இருக்கிறதே என்று குளியலறைக்கும் போடும் மேஸ்திரிகள் உண்டு. தடுக்கும் பொறியாளர்கள் குறைவு. சோப்பு நீர் பட்ட அந்தத் தரையில் தேய்ந்த ரப்பர் செருப்போடு காலெடுத்து வைப்பவர் எழுபத்தைந்து வயதுக்காரர். பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது? துண்டு போடும் மெல்லிய கம்பி. அது இரண்டு திருகாணியில் நிற்கிறது, ஆள் எடையைத் தாங்காது. குளியலறைக் கதவு உள்பக்கமாகத் திறக்கிறது, உள்ளே தாழ்ப்பாள். விழுந்தவர் கதவுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தால் கதவைத் தள்ளவும் முடியாது. உடைத்துத் திறக்கும்வரை அவர் ஈரத்தரையில் கிடக்கிறார். ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையில் கிடந்தால் முறிவு இல்லாவிட்டாலும் தசை நைந்து சிறுநீரகம் பாதிக்கப்படலாம் என்பது மருத்துவர்கள் அறிந்த விஷயம். எஃகுக் கைப்பிடி இரண்டு, சொரசொரப்பான தரை, வெளிப்பக்கம் திறக்கும் கதவு, வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய தாழ்ப்பாள், கட்டிலிலிருந்து கழிப்பறைவரை அணையாத சிறு விளக்கு. ஒரு வீட்டின் கட்டுமானச் செலவில் இவை எந்த மூலைக்கு? விழும் ஆபத்து அதிகமுள்ள முதியோரின் வீடுகளில் இத்தகைய இடறுகளைக் களைந்தால் விழுதல் 38 சதவீதம் குறைகிறது என்று 2023-இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது.

கட்டுமானத்துக்கு அனுமதி தரும் அதிகாரிகளும் பதில் சொல்ல வேண்டும். 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் பக்கவெளியையும் வண்டி நிறுத்தத்தையும் மழைநீர்த் தொட்டியையும் அளந்து கேட்கின்றன. நிறைவுச் சான்று கொடுக்க வரும் அதிகாரி குளியலறைத் தரையைக் காலால் ஒருமுறை தேய்த்துப் பார்ப்பதில்லை. வீட்டுப் படியின் உயரம் 19 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது தேசிய கட்டட விதித்தொகுப்பு. நம் தெருக்களின் மொட்டைமாடிப் படிகளை அளந்தால் எத்தனை தேறும்? ஒரே படிக்கட்டில் ஒரு படி உயரமாக, அடுத்தது தாழ்வாக இருப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். கால் பழகிய அளவை நம்பி இறங்கி, இல்லாத படியை மிதிக்கிறது. அரசே கட்டிக்கொடுக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் இதே நிலைதான். பெரும்பாக்கம் போன்ற இடங்களில் மின்தூக்கி பழுதாகி முதியவர்கள் மாடிமாடியாக ஏறி இறங்குவது எத்தனையோ தடவை செய்தியாகிவிட்டது. கூவக்கரையில் தரைத்தளத்தில் வாழ்ந்தவரைப் பிடுங்கிக்கொண்டுபோய் ஆறாவது மாடியில் வைத்துவிட்டு, மின்தூக்கியை ஓடவைக்காமல் இருப்பது கொடுமை. அந்தக் கொடுமைக்குப் பராமரிப்பு ஒப்பந்ததாரரைக் காட்டித் துறை தப்பிக்க முடியாது.

தெருவைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை, எல்லாரும் தினமும் மிதிப்பதுதான். மூடி விலகிய வடிகால், வீட்டுக்கு வீடு உயரம் மாறும் நடைபாதை, அதன்மேல் நிற்கும் இரு சக்கர வண்டி, மின்மாற்றி. பேருந்து மட்டும் தனியே சொல்லத்தக்கது. மாநகரப் பேருந்தில் மூத்த குடிமக்களுக்கு மாதம் பத்து இலவச டோக்கன் கொடுக்கிறார்கள். 2021 மே மாதம் முதல் பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பயணம் இலவசம். பாட்டிமார்கள் மருத்துவமனைக்கும் மகள் வீட்டுக்கும் யாரிடமும் காசு கேட்காமல் போகிறார்கள். நல்லது. ஆனால் அந்தப் பேருந்துகளில் பெரும்பாலானவற்றின் தளம் தரையிலிருந்து 900 மில்லிமீட்டர் உயரம். தாழ்தளப் பேருந்துக்கு 400 போதும். மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றம்வரை போய்ப் போராடிய பிறகே 2024 ஆகஸ்டில் சென்னையில் தாழ்தளப் பேருந்துகள் மறுபடி ஓடத் தொடங்கின. மற்ற மாவட்டங்கள் பலவற்றின் முதியவர்கள் இன்னும் கம்பியைப் பிடித்துத் தொங்கித்தான் ஏறுகிறார்கள். ஏறிமுடிக்கும் முன் விசில் அடிக்கும் நடத்துநரையும், நிறுத்தத்தைத் தாண்டி நடுச்சாலையில் நிறுத்தும் ஓட்டுநரையும் ஒழுங்குபடுத்தப் புதிய பேருந்து வாங்கத் தேவையில்லை. போக்குவரத்துக் கழகம் அதை நாளைக்கே செய்யலாம்.

அறநிலையத் துறைக்கும் ஒரு வார்த்தை. கோயில்களில் எண்ணெய்ப் பிசுக்கும் அபிஷேக நீரும் கலந்து கிடக்கும் கருங்கல் தளத்தில் வெறுங்காலோடு நடப்பவர்களில் பலர் முதியவர்கள். சந்நிதி வாசலின் உயர்ந்த நிலைப்படி அருகில் ஒரு பித்தளைப் பிடி வைத்தால் எந்த ஆகமமும் குறைபடாது.

இதற்கெல்லாம் சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இலேயே வந்துவிட்டது. பொதுக் கட்டடங்களை ஐந்தாண்டுக்குள் எல்லாரும் அணுகக்கூடியவையாக மாற்ற வேண்டும் என்றது. அந்தக் கெடு முடிந்து ஆண்டுகள் கடந்துவிட்டன. ராஜீவ் ரத்தூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருப்பதைச் சட்டத்துக்கு முரணானது என்று கூறி, கட்டாய விதிகளை வகுக்க மத்திய அரசுக்கு மூன்று மாதம் கொடுத்தது. சாய்தளமும் கைப்பிடியும் சக்கர நாற்காலிக்காரருக்கு மட்டும் என்று நினைக்கும் அதிகாரி, தானும் ஒருநாள் எழுபத்தைந்தை எட்டப்போகிறவர்.

விழுந்த பிறகு நடப்பதையும் பேசியாக வேண்டும். இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவராவது ஓராண்டுக்குள் இறக்கிறார் என்பது பல நாடுகளின் அனுபவம். தாமதம் அந்த எண்ணிக்கையைக் கூட்டுகிறது. நம் ஊரில் முதலில் புத்தூர்க் கட்டுக்கு ஓடுகிறார்கள். கை முறிவுக்கு அது உதவுகிறதா என்ற விவாதம் தனி. தொடையெலும்பின் கழுத்துப் பகுதி முறிந்தவருக்கு எண்ணெயும் மூங்கில் பத்தையும் கட்டி வாரக்கணக்கில் படுக்கவைப்பது, நுரையீரல் சளிக்கும் படுக்கைப் புண்ணுக்கும் அவரை ஒப்படைப்பதே. மருத்துவமனைக்கு வந்துசேர்ந்த பிறகும் இதயப் பரிசோதனை, காப்பீட்டு அனுமதி, அறுவை அரங்கில் இடம் என்று நாட்கள் ஓடுகின்றன. இங்கிலாந்தில் 2007-இல் இடுப்பெலும்பு முறிவுக்கு ஒரு தேசியப் பதிவேடு தொடங்கினார்கள். 2010 முதல் ஒரு நிபந்தனையும் வைத்தார்கள்: 36 மணி நேரத்துக்குள் அறுவை நடந்திருக்க வேண்டும், முதியோர் மருத்துவர் பார்த்திருக்க வேண்டும், அடுத்த முறை விழாமல் இருக்க மதிப்பீடு செய்திருக்க வேண்டும், அப்போதுதான் மருத்துவமனைக்குக் கூடுதல் தொகை. முப்பது நாளுக்குள் இறப்பவர்கள் 2007-இல் 10.9 சதவீதமாக இருந்தது 2011-இல் 8.5 ஆகக் குறைந்தது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் பணம் அரசுடையதுதான். அப்படி ஒரு நிபந்தனையை வைக்க என்ன தடை?

இறந்தவரைக் கணக்கில் சேர்ப்பதிலும் பிழை நடக்கிறது. விழுந்து, முறிந்து, படுத்து, நிமோனியா வந்து இறந்தவரின் சான்றிதழில் நிமோனியா அல்லது மாரடைப்பு என்று எழுதிவிடுகிறார்கள். எல்லாவற்றையும் தொடங்கிவைத்த முதற்காரணத்தை எழுத அந்தப் படிவத்தில் தனி இடம் உண்டு. விபத்து என்று எழுதினால் காவல் நிலையம், பிரேதப் பரிசோதனை என்று அலைய வேண்டுமே என்று குடும்பமும் மருத்துவரும் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் புரிகிறது. அதைத் தீர்க்க வேண்டியது அரசு. வீட்டுக்குள் விழுந்த முதியவரின் மரணத்தைப் பதிவு செய்ய எளிய வழி ஒன்றை வகுக்காதவரை, இந்த மரணங்கள் எந்த அமைச்சரின் மேசைக்கும் வராது.

குடும்பங்களையும் விட்டுவிட முடியாது. ராத்திரியில் உன்னை யார் எழுந்திரிக்கச் சொன்னது என்று திட்டுகிறவர்களுக்குப் பயந்துதான் முதியவர்கள் விழுந்ததையே மறைக்கிறார்கள். முழங்கையின் கன்றிப்போன இடத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொள்கிறார்கள். சொன்னால் நடமாட்டத்துக்குத் தடை வந்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். தலையில் அடிபட்டு, அதுவும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால், மூளைக்கும் மண்டையோட்டுக்கும் இடையில் ரத்தம் மெல்லக் கசிந்து வாரங்கள் கழித்துத்தான் குழப்பமாகவும் தள்ளாட்டமாகவும் வெளிப்படும். மறைத்த ஒரு விழுதல் உயிரைக் கேட்கலாம். அவரை மறைக்க வைத்தது வீட்டின் வசவு. விழுந்துவிடுவார் என்று கட்டிலோடு உட்காரவைப்பதும் அன்பாகாது. சில வாரங்களிலேயே தொடைத்தசை வற்றி, எழும் வலுவே போய், அடுத்த விழுதல் நிச்சயமாகிவிடுகிறது. உடற்பயிற்சியால், அதிலும் சமநிலையையும் கால்வலுவையும் கூட்டும் பயிற்சியால், முதியோர் விழுவது 23 சதவீதம் குறைகிறது என்று 2019-இன் காக்ரேன் தொகுப்பு காட்டியது. நாற்காலியைப் பிடித்து எழுந்து உட்காருதல், குதிகாலை உயர்த்துதல், சுவரோரம் பக்கவாட்டில் நடத்தல்: இவற்றைக் கற்றுத்தர இயன்முறை மருத்துவர் இருக்கிறார். கூடவே நின்று செய்யவைக்க மகனுக்கோ மருமகளுக்கோ பேரனுக்கோ பத்து நிமிடம் வேண்டும். அம்மா ஊன்றுகோல் பிடித்தால் ஊர் என்ன சொல்லும் என்று வெட்கப்படும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அந்த வெட்கத்துக்கான விலையைக் கொடுப்பது அம்மாவின் இடுப்பெலும்பு.

அரசிடம் எங்கள் கோரிக்கை திட்டவட்டமானது. மக்களைத் தேடி மருத்துவத்தின் பதிவேட்டில் அந்த மூன்று கேள்விகளும், நிற்கவைத்துப் பார்த்த ரத்த அழுத்தமும் அடுத்த மாதத்திலிருந்தே இடம்பெற வேண்டும். அதற்கு ஒரு சுற்றறிக்கை போதும். ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட மாத்திரைகள் சாப்பிடும் ஒவ்வொரு முதியவரின் எல்லாச் சீட்டுகளையும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் ஆண்டுக்கு இருமுறை மொத்தமாகப் பார்த்து, வேண்டாதவற்றைக் குறைக்க வேண்டும். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்1 பதிவேடுகளைச் சோதித்து, விதிமீறிய கடைகளின் உரிமத்தை நிறுத்தி, அந்தப் பட்டியலை வெளியிட வேண்டும். காப்பீட்டுத் திட்டத்தில் இடுப்பெலும்பு அறுவைக்கான முழுத்தொகையும் 48 மணி நேரக் கெடுவுக்கும், விழுந்ததற்கான காரணத்தைக் கண்டறிந்து எழுதுவதற்கும் கட்டுப்பட்டதாக இருக்க வேண்டும். புதிய வீடுகளின் நிறைவுச் சான்றுக்கு வழுக்காத குளியலறைத் தரையும் கைப்பிடி பொருத்தத்தக்க சுவரும் நிபந்தனையாக வேண்டும். பழைய வீட்டில் வாழும் ஏழை முதியவருக்குக் கைப்பிடியையும் விளக்கையும் அரசே பொருத்தித் தர வேண்டும். வீட்டுக்கு வீடு ரேஷன் கொண்டுபோகத் தெரிந்த அரசுக்கு இது முடியாத காரியம் இல்லை. எத்தனை முதியவர்கள் விழுந்தார்கள், ஏன் விழுந்தார்கள், எத்தனை பேர் மறுபடி நடந்தார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்பதை மாவட்டவாரியாகத் தொகுக்கும் பொறுப்பைக் கிண்டி மருத்துவமனையிடம் ஒப்படைத்து, அந்த அறிக்கையைச் சுகாதாரத் துறை மானியக் கோரிக்கை விவாதத்துக்கு வரும் நாளில் அமைச்சர் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். வரும் கூட்டத்தொடரிலேயே அது வர வேண்டும்.